மடுவத்துத் தராசும் விண்வெளித் தொலைகாட்டியும்

"தோட்டத்துப் பிள்ளைக்கு வானியல் எதற்கு?" என்னும் வினா நம்மிடையே பல வேடங்களில் உலவி வருகின்றது. சில வேளைகளில் அது அனுதாபத்தின் வேடம் பூணும்: லயத்துக் கூரை ஒழுகுகையில், குழந்தையின் வயிறு நிறையாதபோது, உடுக்களைப் பற்றிய பேச்சு எதற்கென அது கேட்கும். சில வேளைகளில் நடைமுறை அறிவின் வேடம் பூணும்: பௌதிகவியல் கடினம், கற்பிக்க ஆளில்லை, கலைப்பிரிவில் மூன்று பாடங்களை எடுத்துச் சித்தியடைந்தால் ஓர் ஆசிரியர் நியமனமாவது கிடைக்கும் என அறிவுரை கூறும். வேறு சில வேளைகளில் அது புரட்சியின் வேடத்தையே பூணும்: விண்வெளி ஆய்வு வல்லரசுகளின் ஆடம்பரம், உழைக்கும் மக்களுக்கு அதனால் யாது பயன் என முழங்கும். வேடங்கள் மூன்றாயினும் அவற்றின் முடிவு ஒன்றே. அளக்கும் கல்வி ஒரு சாராருக்கு; அளக்கப்படும் வாழ்வு மற்றொரு சாராருக்கு என்பதே அம்முடிவு. அதனை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைப்பீடத்தில் பயிலும் ஒருவர் இதனை எழுதப் புகுவது ஏன் என்று வினவப்படலாம். விஞ்ஞானிகளின் வேலையை விஞ்ஞானிகளே செய்யட்டும். ஆனால் யார் விஞ்ஞானம் கற்கலாம், யார் கற்கத் தேவையில்லை என்னும் தீர்ப்பு ஆய்வுகூடத்தில் வழங்கப்படுவதன்று. அது சமூகத்தில் வழங்கப்படுவது. சமூகத்தைப் பற்றிப் பேசுவது நமது பீடத்தின் தொழில். ஆதலால், ஊவாத் தோட்டங்களிலிருந்து எத்துணை தொலைவில் உள்ளதாகக் கொள்ளப்படுகின்றதோ அத்துணை தொலைவிலுள்ள ஒரு பொருளையே, காமாக் கதிர் வெடிப்பையே, ஈண்டு சான்றாக எடுத்துக்கொள்கின்றேன்.

2022ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். இலங்கை நேரப்படி மாலை 6.47 மணியளவில், பூமியைச் சுற்றிவந்த பெர்மி விண்வெளித் தொலைகாட்டி காமாக் கதிர்களின் எதிர்பாராத பெருக்கொன்றைப் பதிவு செய்தது. ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் அப்பெருக்கு உச்சத்தை எட்டியது. அதுகாறும் எந்தக் கருவியும் பதிவு செய்திராத அளவு பிரகாசமான காமாக் கதிர் வெடிப்பு அதுவேயெனப் பின்னர் தெரியவந்தது. இத்தகையதொன்று பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழக்கூடியதென ஆய்வாளர் கணித்தனர். கண்டறியப்பட்ட திகதியைக் கொண்டு அதற்கு '221009ஏ' எனப் பெயரிட்டனர். அதன் ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் கடந்திருந்தன.

அக்கதிர்கள் எத்திசையிலிருந்து வந்தன என்பது நமக்கு முக்கியமானது. அம்பு வடிவினதான ஒரு சிறிய உடுத்தொகுதியின் திசையில் அவ்வெடிப்பு நிகழ்ந்தது. அன்று மாலை 6.47 மணிக்கு அத்திசை பதுளை நகரின் உச்சியிலிருந்து வடமேற்காக 20 பாகைக்கும் குறைந்த சரிவிலேயே இருந்தது. அதாவது, பசறை, லுணுகலை, நமுனுகுல, தெமோதரை, ஹாலிஎல, ஹப்புத்தளைத் தோட்டங்களின் தகரக் கூரைகளுக்கு ஏறக்குறைய நேர்மேலிருந்தே அக்கதிர்கள் இறங்கின. அவை வளிமண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அயன்மண்டலத்தைக் குலைத்தமையும் பதிவாகியுள்ளது. எனினும் கீழே இருந்த ஒருவரும் எதனையும் உணரவில்லை. காமாக் கதிர்களை வளிமண்டலம் உறிஞ்சிவிடுகின்றது. கண்ணுக்கும் அவை புலனாவதில்லை. ஆதலாலேயே அவற்றை அளக்கும் கருவி வளிமண்டலத்துக்கு அப்பால் நிற்கவேண்டியதாயிற்று.

நம் தலைக்கு மேலே நிகழ்ந்த ஒன்று, அதனை எண்ணுவதற்கு ஒரு கருவியும் அவ்வெண்ணிக்கையை வாசிப்பதற்கு ஒரு மனிதரும் இல்லாவிடின், நிகழாததற்கே சமமாகிவிடும். தோட்டத்தில் வளர்ந்தோருக்கு இது புதிய செய்தியன்று. பதிவேட்டில் ஏறாத கொழுந்து பறிக்கப்படாத கொழுந்தே என்பதை அவர்கள் பள்ளிக்கூடம் செல்லுமுன்னரே அறிவர்.

காமாக் கதிர் வெடிப்புக் கண்டறியப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. 1963இல் அணுவாயுதப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை கைச்சாத்தாகியபின், அதனை மீறி எவரேனும் விண்வெளியில் அணுகுண்டு வெடிக்கின்றனரா என வேவு பார்ப்பதற்காக அமெரிக்கா 'வேலா' என்னும் செய்மதிகளை ஏவியது. 1967 யூலை 2ஆந் திகதி அச்செய்மதிகள் காமாக் கதிர்ப் பெருக்கொன்றைப் பதிவு செய்தன. அதன் போக்கோ அணுகுண்டின் போக்கை ஒத்திருக்கவில்லை. வெவ்வேறு செய்மதிகளை அது வந்தடைந்த நேர வேறுபாடுகளைக் கொண்டு இத்தகைய வெடிப்புகளின் திசை கணிக்கப்பட்டது. அவை பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை. கிளெபெசாடெல், ஸ்ட்ரோங், ஒல்சன் ஆகிய மூவரும் 1973இல் இத்தகைய 16 வெடிப்புகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். பெருந்திணிவுடைய உடுக்களின் கரு இடிந்து வீழும்போது இவற்றிற் பல உண்டாகின்றன என்பதும், சில செக்கன்களுக்குள் முடியும் குறுவெடிப்புகள் நியூத்திரன் உடுக்கள் இரண்டு மோதி இணைவதாலும் உண்டாகின்றன என்பதும் பிற்காலத்தில் அறியப்பட்டவை. பின்னைய விளக்கத்துக்கு உறுதியான சான்று 2017 ஓகஸ்ட் 17இல் கிடைத்தது.

வேவுக்கெனப் பிறந்த கருவி அறிவுக்குப் பயன்பட்ட கதை இது. விண்வெளி ஆய்வைப் பற்றிப் பேசும்போது "ஏகாதிபத்தியத்தின் விளையாட்டு" என்று கூறித் தட்டிக் கழிக்கும் நண்பர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும். கருவியின் பிறப்பு எத்தகையதாயினும், அது தந்த எண்கள் பகிரங்கப்படுத்தப்பட்ட கணத்தில் அவை எவரும் சோதிக்கத்தக்க பொதுச் சொத்தாகின. நம்மை ஊவா மலைகளுக்குக் கொண்டுவந்து சேர்த்ததும், கோப்பியையும் பின்னர் தேயிலையையும் நட்டுவித்ததும், 1924இல் பதுளை வரை புகையிரதப் பாதையை நீட்டியதும் ஏகாதிபத்தியமே. அதற்காகப் புகையிரதத்தில் ஏறமாட்டோம் என எவரும் சொல்வதில்லை. அறிவை மட்டும் ஏன் மறுக்கவேண்டும்?

இனி, ஒரு வெடிப்பை அளப்பது எங்ஙனம் எனப் பார்ப்போம். கருவியின் உள்ளே ஒரு பளிங்குத் துண்டு இருக்கும். காமாக் கதிரின் ஒரு போட்டன் அதில் மோதினால் மெல்லிய ஒளிப்பொறி ஒன்று தோன்றும். அதனை உணரி மின்துடிப்பாக மாற்றும். எண்ணி ஒன்றைக் கூட்டும். பளிங்குக்குப் பதிலாக, மோதலை நேரே மின்துடிப்பாக்கும் குறைகடத்திகளும் உள. கருவி எதுவாயினும், செய்யப்படுவது எண்ணுதலே: ஒவ்வொரு செக்கனிலும், செக்கனின் ஒவ்வொரு கூறிலும், எத்தனை மோதின, ஒவ்வொன்றின் சக்தி எவ்வளவு?

ஆனால் வெடிப்பு இல்லாத வேளையிலும் எண்ணி வாளாவிருப்பதில்லை. அண்டக் கதிர்களும், பூமியின் காந்தப்புலத்தில் அகப்பட்ட துணிக்கைகளும், வானெங்கும் பரந்துள்ள மங்கலான காமா ஒளியும் அதனை இடையறாது தட்டிக்கொண்டிருக்கும். இதுவே பின்புல எண்ணிக்கையாகும். ஓர் எண்ணி வழமையாகச் செக்கனுக்கு 300 எனக் காட்டுகின்றது எனக் கொள்வோம். வெடிப்பின்போது 1000 எனக் காட்டினால், வெடிப்புக்குரியது 700 ஆகும். அந்த 300ஐக் கழிப்பதற்கு ஆய்வாளருக்கு உள்ள உரிமை யாது? வெடிப்புக்கு முன்னரும் பின்னரும் பின்புலத்தை அவர் அளந்திருக்கவேண்டும்; அளந்த முறையை எழுதவேண்டும்; தம் எண்ணில் எவ்வளவு பிழை இருத்தல் கூடும் என்பதையும் உடன் கூறவேண்டும். 1000 எண்ணப்பட்டால் ஏறத்தாழ 32 கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது எண்ணும் கலையின் அடிப்படை விதி. கழிவுக்குக் காரணம் காட்டாதவரின் முடிவை எவரும் ஏற்பதில்லை.

இப்பொழுது மடுவத்துக்கு வருவோம். மலைச்சரிவில் காலை முதல் பறித்த கொழுந்து சாக்கில் வந்து தராசில் ஏறுகின்றது. சாக்கின் நிறைக்கு ஒரு கழிவு. மழை பெய்திருந்தால் ஈரத்துக்கு ஒரு கழிவு. முற்றல் இலைக்கு இன்னொரு கழிவு. சாக்கு நிறுக்கப்பட்டதா? ஈரம் அளக்கப்பட்டதா? எத்தனை கிலோவுக்கு எத்தனை கழிவு என்பது எங்காவது எழுதி ஒட்டப்பட்டுள்ளதா? பெரும்பாலும் இல்லை, நிறுப்பவரின் வாய்ச்சொல்லே கழிவாகின்றது. கழிவுபோக எஞ்சியது குறிக்கப்பட்ட நிறைக்குக் குறைந்தால் முழு நாள் உழைப்பு 'அரைப்பேர்' ஆகிவிடும். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் வெளிவந்த பின்னர், பறிக்கவேண்டிய நிறை பல தோட்டங்களில் உயர்த்தப்பட்டதென்ற முறைப்பாடு மலையகமெங்கும் எழுந்தமையை நாம் மறக்கவில்லை. சம்பளம் ஏட்டில் உயர்ந்தாலும், அளவுகோல் எவர் கையில் இருக்கின்றதோ அவர் கையிலேயே சம்பளமும் இருக்கின்றது.

200 கோடி ஒளியாண்டுத் தொலைவிலிருந்து வரும் கதிர்களை அளக்கையில் ஒரு போட்டனைக் கழிப்பதற்கும் காரணம் கேட்கப்படுகின்றது. பத்தடி தூரத்தில் நிற்கும் பெண்ணின் கூடையில் மூன்று கிலோவைக் கழிப்பதற்குக் காரணம் கேட்கப்படுவதில்லை. பௌதிகவியல் தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கென்ற வினாவுக்கு என் விடை இதுதான். பின்புலத்தைக் கழிப்பது எங்ஙனம் எனக் கற்ற பிள்ளை, தன் தாயின் கொழுந்தில் கழிக்கப்பட்டது எதுவெனக் கேட்கும். அக்கேள்வியைக் கேட்கும் பிள்ளைகள் உருவாகாமலிருப்பது எவருக்கு வசதி என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தராசு இப்பொழுது இலத்திரனியல் தராசாக மாறிவிட்டது, இனி ஏமாற்றில்லை என்று கூறுவோரும் உளர். கருவி நவீனமானதாயிருப்பது ஒன்று. அளவை நேர்மையானதாயிருப்பது வேறொன்று. 221009ஏ வெடிப்பே இதற்குச் சான்று. பெர்மி தொலைகாட்டியின் வெடிப்புக் கண்காணிப்புக் கருவியில் 14 உணரிகள் உள. ஆயினும் வெடிப்பின் உச்சத்தில் போட்டன்கள் ஒன்றன்மேலொன்றாக வந்து குவிந்தமையால், எண்ணிகள் திணறின. சில மோதல்கள் தவறின, சில ஒன்றாகச் சேர்ந்து பதிவாகின. ஆய்வாளர் யாது செய்தனர்? குறித்த செக்கன்களின் எண்களை நேரடியாக நம்பவேண்டாம் எனப் பகிரங்கமாக அறிவித்தனர். சுவிப்ட் என்னும் மற்றொரு தொலைகாட்டி ஏறத்தாழ 53 நிமிடங்களுக்குப் பின்னர் அவ்வொளியைக் கண்டு, அது நமது பால்வீதிக்குள்ளேயே தோன்றிய வேறொரு பொருளென முதலில் கருதப்பட்டது. பின்னர் பெர்மியின் பதிவுடன் ஒப்பிடப்பட்டு அக்கருத்து வெளிப்படையாகவே திருத்தப்பட்டது. தன் பிழையைத் தானே அறிவிக்கும் தராசு ஒன்றை நம் தோட்டங்களில் எவரேனும் கண்டதுண்டா?

பேரளவிலான கருவிகள் திணறிய அவ்வேளையில் உச்சத்தைத் திணறாது அளந்தவற்றுள் ஒன்று 'ஜீஆர்பி அல்பா' என்னும் சிறு செய்மதியாகும். ஸ்லோவாக்கிய, ஹங்கேரிய, செக் நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கி 2021 மார்ச் மாதம் விண்ணுக்கு அனுப்பிய அது, பக்கமொன்று ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கொண்ட ஒரு பெட்டியேயாகும். அதனுள் இருந்த சீசியம் அயடைட்டுப் பளிங்கின் அளவு 75 மில்லிமீற்றருக்கு 75 மில்லிமீற்றர்; தடிப்பு 5 மில்லிமீற்றர். சிறியதாயிருந்தமையாலேயே அதில் மோதிய போட்டன்கள் எண்ணத்தக்க அளவினவாயிருந்தன. விண்வெளி ஆய்வு வல்லரசுகளுக்கே உரியது என்போர் இப்பெட்டியைப் பற்றிச் சற்றே சிந்திப்பார்களாக. ஸ்லோவாக்கியாவின் மக்கட்டொகை இலங்கையின் மக்கட்டொகையில் மூன்றிலொரு பங்கும் இல்லை.

அதே அளவினதான பெட்டியொன்று நம் நாட்டின் பெயரிலும் விண்வெளிக்குச் சென்றதே! யப்பானின் கியூசு தொழில்நுட்ப நிறுவகத்தில் இலங்கைப் பொறியியலாளர் இருவர் உருவாக்கிய 'இராவணா-1' 2019 யூன் மாதம் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அவர்தம் உழைப்பு பாராட்டுக்குரியது. ஆனால் அதனைச் சூழ்ந்து எழுந்த ஆரவாரம் எத்தகையது? எல்ல நீர்வீழ்ச்சியையும் குகையையும் சுட்டிக்காட்டி, ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இராவணன் விமானம் ஓட்டினான், நாம் அறியாதது ஒன்றுமில்லை என்னும் பெருமிதமே ஓங்கி ஒலித்தது. இவ்விடயத்தில் சிங்களவர், தமிழர் என்ற வேறுபாடின்றி இரு சாராரும் போட்டியிட்டனர். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்பவரிடம் ஒன்று கேட்போம்: அவர்கள் எண்ணிய எண்ணிக்கை எங்கே? கழித்த பின்புலம் எங்கே? இன்னொருவர் மீண்டும் செய்து பார்க்கத்தக்க முறை எங்கே? புராணம் நம் கற்பனைச் செல்வம். அதனை அவ்வாறே போற்றுவோம். அதனை அளவையின் ஆசனத்தில் அமர்த்துவது, எல்லவிலிருந்து சில மைல் தூரத்திலுள்ள தோட்டப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத வெட்கத்தை மறைக்கும் திரையேயன்றி வேறன்று.

நமக்கு மிக அயலிலுள்ள சான்றையும் நோக்குவோம். 2015 செப்ரெம்பர் 28ஆந் திகதி சிறீஹரிக்கோட்டாவிலிருந்து இந்தியாவின் 'அஸ்ட்ரோசாட்' ஏவப்பட்டது. மத்தியகோட்டுக்கு வடக்கேயும் தெற்கேயும் 6 பாகைக்குள்ளேயே சுற்றுமாறு அது செலுத்தப்பட்டது. பதுளை 7ஆம் பாகையில் உள்ளது. ஆக, அத்தொலைகாட்டியின் பாதை நம் தெற்கு வாசலோரமாகவே அமைந்தது. அதிலுள்ள கட்மியம் சிங்கு தெலூரைட்டுக் கருவி ஒக்டோபர் 6ஆந் திகதி இயக்கப்பட்ட முதல் நாளிலேயே ஒரு காமாக் கதிர் வெடிப்பைக் கண்டது. 2023 நவம்பரில் அதன் எண்ணிக்கை 600ஐ எட்டியது. செல்வந்த நாடென எவரும் சொல்லாத ஒரு நாட்டில், வறுமையை ஒழித்த பின்னரே விண்ணைப் பார்ப்போம் எனக் காத்திராது செய்யப்பட்ட வேலை இது.

இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு. பெர்மி தொலைகாட்டியின் எண்ணிக்கைகள் உலகிலுள்ள எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடியவை. பதுளை நகரில் ஒரு கணினியின் முன் அமரும் மாணவி ஒருத்தி, 2022 ஒக்டோபர் 9ஆந் திகதிக்குரிய எண்களை எடுத்து, பின்புலத்தைக் கழித்து, வெடிப்பின் வளைவைத் தானே வரைந்துவிடலாம். கூட்டலும் கழித்தலும் வரைபும் சாதாரண தரக் கணிதத்துக்கு அப்பாற்பட்டவையல்ல. ஆகவே, அவளுக்கும் அவ்வெடிப்புக்கும் இடையில் நிற்பது 200 கோடி ஒளியாண்டுத் தூரமன்று. கோடிக்கணக்கான ரூபா பெறுமதியுள்ள செய்மதியுமன்று. அவ்வெண்கள் எதனைக் குறிக்கின்றன என்பதை அவளது மொழியில் எடுத்துரைக்கும் ஓர் ஆசிரியரும் ஒரு நூலும் இல்லாமையே அவளைத் தடுத்து நிற்கின்றது.

ஊவா மாகாணத்தில் தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளை நடத்தும் பாடசாலைகள் மிகச் சிலவே. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது; விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஆனால் அதன் வாசலுக்கு முன்னுள்ள படியாகிய உயர்தர விஞ்ஞானப் பிரிவு, அண்மையிலுள்ள தோட்டங்களின் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கட்டப்படவேயில்லை. படியில்லாத வீட்டின் கதவு திறந்திருந்தாலென்ன, பூட்டியிருந்தாலென்ன? இதன்பின், "மலையகத்துப் பிள்ளைகளுக்குக் கலைத்துறையிலேயே நாட்டம் அதிகம்" என்று கூறுவது ஆய்வு முடிவாகாது. வேறு வழியை அடைத்துவிட்டு, எஞ்சிய வழியில் நடப்பவரின் விருப்பத்தைப் புகழ்வது அது. கலைப்பீடத்தில் நான் விரும்பியே பயில்கின்றேன். எனினும் விருப்பம் என்பது இரண்டு கதவுகளேனும் திறந்திருக்கும்போதுதான் விருப்பமாகும்.

முதலில் உணவு, பின்னரே உடு என்னும் வாதத்துக்கும் விடை கூறவேண்டும். லயங்களின் நிலையையோ போசாக்கின்மையையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவ்வரிசையை வகுத்தவர் யார்? உணவுக்கும் அறிவுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யும்படி கொழும்பிலுள்ள பிள்ளையிடம் எவரும் கேட்பதில்லையே. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களிடம், "முதலில் இது, பின்னர் அது" என்று கூறியே பல தசாப்தங்கள் கடத்தப்பட்டன. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கல்வி அமைப்புக்குள் வருவதற்கே 1970கள் வரை காத்திருக்க நேர்ந்தது. காத்திருப்பு என்பது நமக்குப் பழக்கமாக்கப்பட்ட ஒரு பாடம். அப்பாடத்தை இன்னொரு தலைமுறைக்கும் கற்பிக்க நாம் உடன்படலாகாது.

ஆதலால் செய்யவேண்டியவை யாவை? முதலாவதாக, ஊவாவின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ்மொழி மூலம் பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பிக்கும் ஒரு பாடசாலையேனும், போதிய ஆசிரியரோடும் ஆய்வுகூடத்தோடும், இயங்கவேண்டும் என்று நாம் கோரவேண்டும். இரண்டாவதாக, மடுவத்துக் கழிவுகள் அனைத்தும் தொழிலாளியின் கண்முன் அளக்கப்பட்டு, தமிழில் எழுதி ஒட்டப்படவேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் சம்பளக் கோரிக்கைக்குச் சமமான கோரிக்கையாக ஏற்கவேண்டும். மூன்றாவது கடமை நம்முடையது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தமிழை வளர்ப்பது என்றால் விழா எடுப்பது என்று கருதிவிடக் கூடாது. பின்புலம், பிழை வீச்சு, எண்ணிக்கை, சக்தி என்னும் சொற்களைத் தோட்டத்துப் பத்தாம் வகுப்பு மாணவி வாசித்து விளங்கிக்கொள்ளும் தமிழில் நூலாக்கிக் கொடுப்பதும் தமிழ்ப்பணியே. விஞ்ஞானபீட நண்பர்களிடம் பொருள் உண்டு. நம்மிடம் மொழி உண்டு. இரண்டும் சேராமலிருப்பதற்கு இனிச் சாட்டுக் கூறுவதில் பயனில்லை.

ஊவாத் தேயிலையின் மணமும் நிறமும் தரமும் உலகச் சந்தையில் நுணுக்கமாக அளக்கப்படுகின்றன. அதனைப் பறிக்கும் கைகளின் உழைப்பு கிலோக் கணக்கில் அளக்கப்படுகின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அளக்கப்பட்டே வந்த ஒரு மக்கட்கூட்டத்தின் பிள்ளைகள், தாமும் அளக்கக் கற்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை. மடுவத்துத் தராசையும் அவர்கள் அளக்கட்டும். தம் தலைக்கு மேலே விண்ணையும் அளக்கட்டும். ஒன்றைக் கற்பிக்காமல் மற்றதைக் கற்பிக்க இயலாது.